ஏழரை அங்குலம்

எங்கள் தெருவை அளந்தபோது டேப்பின் ஒரு முனையைப் பிடித்துக்கொண்டிருந்தவன் நான். ஆகையால் நடந்த தப்பில் எனக்கும் பாதி உண்டு. மறுக்கவில்லை. முப்பத்தோரு வருஷம் தபால் பை சுமந்து நடந்தவனுக்குத் தெருவின் நீளம் அத்துப்படி. அகலத்தைப் பற்றி யார் கேட்டார்கள்? சுவரோரமாகப் போய்ச் சுவரோரமாகவே வந்தவன் நான். தவிர, அளந்தது டெய்லரக்கா. இருபத்திரண்டு வருஷமாக ஆட்களை அளக்கிறவள் ஒரு தெருவைத் தப்பாக அளப்பாள் என்று எவன் நினைப்பான்?

அவள் என்னைவிடப் பன்னிரண்டு வயது சின்னவள். ஆனாலும் தெருவுக்கே அவள் அக்காதான், எனக்கும் அப்படியே பழகிவிட்டது. நான் மாடியில் குடியிருக்கிறேன். கீழே முன்னறையில் இரண்டு தையல் மெஷின், ஒரு வெட்டுமேசை, தெருவைப் பார்த்த பெரிய ஜன்னல். அதற்குப் பின்னால் ஓர் அறையும் அடுப்படியும். வாசலில் மூன்று படி. மூன்றாவது படியை விட்டு இறங்கினால் அடுத்த கால் தார் ரோட்டில்தான். நடைபாதை என்று ஒன்று அந்தக் காலத்தில் எங்களுக்குக் கிடையாது. வண்டி நின்ற இடம் போக மிச்சம் இருந்தால் அதுதான் நடைபாதை.

அவள் புருஷன் லாரி டிரைவர். இருபத்தாறு வருஷம் பத்துச் சக்கரம் ஓட்டியவர். ஆள் மெலிசு, தொண்டை கனம். தெருமுனையில் நின்று பேசினால் மாடியில் எனக்குக் கேட்கும். அதனால் அவருக்கு ‘ஏர்ஹாரன்’ என்று பெயர் வைத்தவர்கள் யாரென்று தெரியவில்லை, ஆனால் நன்றாகத்தான் வைத்தார்கள். நடக்கிறவர்களையும் சைக்கிள்காரர்களையும் அவருக்குக் கட்டோடு பிடிக்காது. “ரோட்டுக்கு நடுவுல மாமியார் வீட்டுக்குப் போற மாதிரி போவானுங்க போஸ்ட்டு. ஹாரன் அடிச்சா திரும்பி மொறைப்பான்” என்பார். என்னை அவர் கூப்பிடுவது போஸ்ட்டு.

அப்படிப்பட்ட மனிதர் போன வருஷம் ஒரு செவ்வாய்க்கிழமை காலையில் டீ குடிக்கப் படியிறங்கினார். டீக்கடை எதிர்ச்சாரியில் பத்துக் கடை தள்ளி. நடுவில் அவர் மைத்துனனின் கண்ணாடிக்கடை. கண்ணாடி இறக்குகிற வேன் சுவரை ஒட்டி நின்றது, எப்போதும் நிற்பதுபோல. வேனைச் சுற்றிக்கொண்டு ரோட்டில் இறங்கினார். எதிரே ஒரு மோட்டார் சைக்கிள். இடுப்பெலும்பு உடைந்தது. உள்ளே ஒரு தகடு, இரண்டு ஆணி.

“இருபத்தாறு வருசத்துல ஒரு கோழிய இடிச்சதில்ல. பத்துச் சக்கரத்த ஓட்டினவன், ரெண்டு கால ஓட்டத் தெரியாம விழுந்துட்டேன் பாரு” என்று ஆஸ்பத்திரிக் கட்டிலில் சிரித்தார். அவர் அப்படிச் சிரித்தது அதுதான் கடைசி.

வீட்டுக்கு வந்தபிறகு படியிறங்கவில்லை. நாலு கால் இரும்பு வாக்கரைப் பிடித்துக்கொண்டு கட்டிலிலிருந்து ஜன்னலுக்கு, ஜன்னலிலிருந்து கட்டிலுக்கு. பயிற்சி கொடுக்க வந்த பிசியோதெரபிக்காரர் கண்டிப்பான மனிதர். “வீட்டுக்குள்ள நடக்கிறதெல்லாம் கணக்கில்ல. வெளியில, சமதரையில, தினம் இருநூறு அடி. ஒரு வருசத்துக்குள்ள கால் எவ்வளவு பழகுதோ அவ்வளவுதான், அப்புறம் நானே வந்து தூக்கினாலும் நிக்காது” என்று டெய்லரக்காவிடம் சொல்லிவிட்டுப் போனார். அதைச் சொல்லும்போது எட்டு மாதம் கழிந்திருந்தது. அவள் விரல் மடக்கி எண்ணியதை நான் பார்த்தேன். நாலு விரல்.

இந்த நேரத்தில்தான் பல் டாக்டரம்மா வந்தார். தெருக்கோடியில் அவர் கிளினிக். சைக்கிளில் வந்து சைக்கிளில் போகிறவர். ஊரையெல்லாம் வாயைத் திறங்க என்று சொல்கிறவர் தன் வாயை மூடி யாரும் பார்த்ததில்லை. வெள்ளைக் கோட்டுக்கு அளவு கொடுக்க வந்தவர், கையை அகல விரித்து நின்றபடியே ஆரம்பித்தார்.

“அக்கா, நம்ம தெருவ ஆறு வாரத்துக்கு மாத்திப் பாக்கப் போறோம். முனிசிபல் ஆபீஸ்ல எழுதிக் குடுத்து அனுமதி வாங்கியாச்சு. ரெண்டு ஓரத்துலயும் நடக்கிறவங்களுக்கு அஞ்சஞ்சு அடி. சைக்கிளுக்கு ஒரு அஞ்சடி. நடுவுல வண்டிக்குப் பன்னெண்டடி. அளக்கிறது, கோடு போடுறது, கோட்டு மேல ட்ரம் வைக்கிறது, எத்தன பேர் நடக்கிறாங்கன்னு எண்ணுறது எல்லாம் நாமதான். கடைசியில குப்பை லாரிய விட்டுப் பாத்துட்டுத்தான் முடிவு சொல்லுவாங்க. சம்பளம் கிடையாது, டீ உண்டு. வரீங்களா?”

“கைய இறக்குங்க டாக்டரம்மா, அளவெடுத்தாச்சு” என்றாள் டெய்லரக்கா. பிறகு, “வண்டி ஓரத்துல நிக்கக் கூடாதா?” என்று கேட்டாள்.

“நிக்கக் கூடாது.”

“அப்ப வரேன்.”

ஜன்னலோரத்திலிருந்து ஏர்ஹாரன், “கேட்டியா போஸ்ட்டு, என் பொண்டாட்டி லாரிக்கே ரோடு அளந்து குடுக்கப் போறாளாம்” என்றார். அவர் சொன்ன தொனி சரியில்லை. தன்னிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை என்பது அவருக்கு உறுத்தியது. அவள் கேட்காமல் இருந்ததும் வேண்டுமென்றேதான். கேட்டால் வேண்டாம் என்பார், அப்புறம் அதை மீற வேண்டும். ஒரு வேலைக்கு ரெண்டு வேலை எதற்கு?

ஞாயிற்றுக்கிழமை காலை மேகமூட்டமாக இருந்தது. தெருவில் வண்டி குறைவு. நீள டேப் ஆபீஸில் இருந்தது, ஞாயிறன்று ஆபீஸ் பூட்டி இருந்தது. டெய்லரக்கா கழுத்தில் தொங்கிய டேப்பை உருவினாள். அறுபது அங்குல டேப். இடுப்பில் செருகியிருந்த நீலச் சாக்பீஸை எடுத்துக்கொண்டு தன் வீட்டுச் சுவரடியில் உட்கார்ந்தாள். நான் முனையைச் சுவரில் வைத்து அழுத்தினேன். அவள் அறுபதில் ஒரு கோடு கிழித்தாள். டேப்பை நகர்த்துவதற்கு முன்னால் பக்கத்தில் இன்னொரு கோடு. துணியில் அவள் எப்போதும் அப்படித்தான் போடுவாள், நேர்த்தியான கை. நான் அந்த இரண்டாவது கோட்டில் என் முனையை வைத்தேன். மறுபடி அறுபது, மறுபடி இரண்டு கோடு. இப்படி ஐந்து தடவை. எதிர்ச்சுவர் வந்தபோது மிச்சம் இருபத்து நாலு அங்குலம்.

“எவ்வளவு அண்ணே?”

நான் மனக்கணக்குப் போட்டேன். “அஞ்சு அறுபது முந்நூறு, இருபத்து நாலு. இருபத்தேழு அடி. சுத்தமா இருபத்தேழு.”

“பாத்தீங்களா டாக்டரம்மா, நீங்க சொன்ன கணக்குக்கு அளவெடுத்துத் தச்ச மாதிரி இருக்கு தெரு” என்றாள் அவள். டாக்டரம்மா கைதட்டினார். அஞ்சு, அஞ்சு, பன்னெண்டு, அஞ்சு. இன்னும் ஐந்து இடத்தில் அளந்தோம். எல்லா இடத்திலும் இருபத்தேழு. ஜன்னலில் ஏர்ஹாரன் ஒரு சத்தமும் போடாமல் பார்த்துக்கொண்டிருந்தார். அவர் வாயோரத்தில் ஒரு சிரிப்பு இருந்தது. அதை நான் கவனித்தேன், பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. என் புத்தி எப்போதும் இப்படித்தான், கடிதத்தை ஒழுங்காகச் சேர்க்கும், உள்ளே என்ன எழுதியிருக்கிறது என்று பார்க்காது.

அன்று சாயங்காலமே மைத்துனன் வந்துவிட்டான். டெய்லரக்காவின் தம்பி, கண்ணாடிக்கடைக்காரன். தூசி படிந்த ஏப்ரனோடு வந்து வெட்டுமேசையில் கையூன்றி நின்றான். நான் ரொட்டியும் முட்டையும் வாங்கிக்கொண்டு மாடி ஏறப் போனவன், சண்டையின் முதல் வரியிலேயே நின்றுவிட்டேன்.

“ஏன்க்கா, உனக்கு வேற வேலையே கெடைக்கலயா? எதிர்ச்சாரிச் சுவர்லேர்ந்துதான் கோடு ஆரம்பிக்குதாமே. என் கடை வாசல்லயே. வேனு எங்க நிக்கும்? எட்டடிக் கண்ணாடிய மூலையில இறக்கித் தலையில தூக்கிட்டு வரவா?”

“ரெண்டு பேரு ஆளுக்கொரு பக்கம் பிடிச்சா முப்பது அடி தூரம். செத்தா போயிடுவ?”

“நீ ஈசியா சொல்லிடுவ. கண்ணாடி ஒடைஞ்சா யாரு குடுப்பா, அந்தப் பல் டாக்டரா? அவங்களுக்கென்ன, எது ஒடைஞ்சாலும் பல்லுதான், இன்னும் யாவாரம். மாமா, நீங்க சொல்லுங்க. நீங்களும் வண்டிக்காரர்தான?”

“என்னைய ஏன் இழுக்கிற மாப்ள? நான் இப்ப கட்டில்காரன்” என்றார் ஏர்ஹாரன்.

“லாரி வர்ற அன்னைக்குத் தெரியும். இந்த வளைவுல குப்பை லாரி திரும்புமா? ஒரு ட்ரம் சாஞ்சாலும் எல்லாத்தையும் எடுத்துடுவாங்க. வீணா ஏன்க்கா உனக்கு இந்த ஊர் வம்பு? ஊருக்கு ஒழைச்சு என்னத்தக் கண்ட?”

டெய்லரக்கா கத்தரிக்கோலை மேசையில் வைத்தாள். மெதுவாகத்தான் வைத்தாள். “ஊருக்கா? உன் வேனச் சுத்திக்கிட்டுத்தான்டா இவரு ரோட்டுல எறங்கினாரு. சொவத்த ஒட்டி நீ நிப்பாட்டின வேனு. அது அங்க இல்லன்னா இவரு இன்னைக்கு டீக்கடையில உக்காந்து உன்னையும் என்னையும் நாலு பேர்கிட்ட திட்டிக்கிட்டு இருப்பாரு. ஊராம் ஊரு.”

அடுப்படியில் கஞ்சி கொதித்துக்கொண்டிருந்தது. மைத்துனன் ஏப்ரனில் கையைத் துடைத்தான், துடைத்துக்கொண்டே இருந்தான்.

“விடு. அவன் என்ன வேணும்னா செஞ்சான்?” என்றார் ஏர்ஹாரன்.

“இல்ல மாமா. அக்கா சொல்லட்டும். எட்டு மாசமா எப்ப சொல்லும், எப்ப சொல்லும்னு இருந்தேன். தினம் நீங்க ஜன்னல்ல உக்காந்து என் கடையப் பாக்கிறீங்க. நான் கண்ணாடி எல்லாத்தையும் திருப்பி வச்சிட்டேன், உங்க மூஞ்சி தெரியக் கூடாதுன்னு.” மூக்கை உறிஞ்சினான். “கஞ்சி இருக்கா?”

இரண்டு கிண்ணம் குடித்துவிட்டுப் போனான். திட்டு வாங்கி ஒருவனுக்குப் பாரம் இறங்கியதை நான் அன்றுதான் பார்த்தேன். மறுநாள் காலை அவன் வேன் மூலையில் நின்றது. அதற்கடுத்த நாள் எங்கிருந்தோ நாற்பது பழைய பெயிண்ட் ட்ரம்மை உருட்டிக்கொண்டு வந்து டாக்டரம்மா கிளினிக் வாசலில் இறக்கினான். “செடி வைக்கிறதுக்கு. ஓட்டை போட்டாச்சு, தண்ணி நிக்காது” என்றான். டாக்டரம்மா அவனுக்கு இலவசமாகப் பல் பார்ப்பதாகச் சொன்னார். அவன் பயந்துபோய் வேண்டாம் என்றான்.

எதிர்ச்சுவரிலிருந்து கயிறு கட்டி வெள்ளைப் பெயிண்டில் கோடு போட்டோம். நடக்கிறவர்களுக்கு ஐந்தடி, சைக்கிளுக்கு ஐந்தடி, வண்டிக்குப் பன்னிரண்டடி. கோட்டின் மேல் ட்ரம். இந்தப் பக்கம், டெய்லரக்கா வீட்டுப் பக்கம், மிச்சம் ஐந்தடி. மிச்சத்தை யார் அளப்பார்கள்? காகிதத்தில்தான் ஐந்தடி என்று இருக்கிறதே.

தெரு மாறியது. இதை நான் சும்மா சொல்லவில்லை. வளைவில் மேசை போட்டு நானும் டெய்லரக்காவும் தினம் காலை பத்திலிருந்து பன்னிரண்டுவரை எண்ணினோம். நடக்கிறவருக்கு ஒரு கோடு, சைக்கிளுக்கு ஒரு கோடு, ஐந்தாவதைக் குறுக்கே அடித்தால் ஒரு கட்டு. முதல் வாரம் காலைக்கு நூற்றுப் பத்து. நாலாவது வாரம் இருநூற்று எழுபது. இந்தத் தெருவில் இத்தனை கர்ப்பிணிகள் இருக்கிறார்களா என்று நான் ஆச்சரியப்பட்டேன். எல்லாரும் எங்கே ஒளிந்திருந்தார்களோ. குழந்தை வண்டி தள்ளுகிறவர்கள் இரண்டு பேர் பக்கத்தில் பக்கத்தில் பேசிக்கொண்டே போனார்கள். இரட்டைக் கோடு போடும்போது டெய்லரக்கா சிரித்தாள்.

ஆனால் யாருக்காக அவள் இதில் இறங்கினாளோ அவர் இறங்கவில்லை. தினம் ஒரு சாக்கு. இன்று மூட்டம், நாளை வெயில், நாளை மறுநாள் செருப்பு சரியில்லை. அவள் புதுச் செருப்பு வாங்கி வைத்தாள். அது படிக்குப் பக்கத்தில் புதுசாகவே இருந்தது. அவள் மடக்கிய நாலு விரலில் இரண்டு போய்விட்டது.

ஒருநாள் மத்தியானம் அவரிடம் நேராகவே கேட்டேன். “என்னய்யா, வாசல்ல ராஜபாட்டை போட்டு வச்சிருக்கு. மூணே படி. எறங்கினா என்ன?”

அவர் வெளியே பார்த்துக்கொண்டே இருந்தார். “பயமா இருக்கு போஸ்ட்டு” என்றார். அந்தத் தொண்டையிலிருந்து அவ்வளவு சின்ன சத்தம் வரும் என்று எனக்குத் தெரியாது. “லாரியில உக்காந்தா எல்லாரும் எனக்குக் கீழ. இப்ப ஒரு சைக்கிள் மணி அடிச்சாக்கூட வயித்தக் கலக்குது. இவகிட்ட சொல்லாத.”

நான் சொல்லவில்லை. சொல்லித்தான் அவளுக்குத் தெரிய வேண்டும் என்பதும் இல்லை.

கடைசி வாரம் இரண்டு நாள் நல்ல மழை. நீலச் சாக்பீஸின் அடையாளம் ஒன்றில்லாமல் கழுவிக்கொண்டு போனது. வெள்ளிக்கிழமை வெறித்தது. காலை பதினொரு மணிக்கு ஆபீஸிலிருந்து இன்ஜினியர் வந்தார், கக்கத்தில் ஃபைலோடு. ஒல்லியான, நியாயமான மனிதர். நியாயமான மனிதர்களிடம்தான் வாதாடுவது கஷ்டம். “குப்பை லாரி ஒரு ட்ரம்மையும் தொடாம போகணும். நடைபாதை எங்கயும் அஞ்சடிக்குக் குறையக் கூடாது. ரெண்டும் சரின்னா இன்னைக்கே கையெழுத்து, அடுத்த மாசம் கல்லு பதிச்சு நிரந்தரமா ஆக்கிடுவோம். இல்லேன்னா திங்கக்கிழமை எல்லாத்தையும் எடுத்துடணும்” என்றார்.

லாரி வந்தது. நேர்த் தெருவில் அழகாக வந்தது. எங்கள் வீட்டுக்குப் பக்கத்து வளைவில் திரும்பும்போது வால் போய் ஒரு ட்ரம்மை உரசிற்று. டிரைவர் பின்னால் எடுத்து மறுபடி வந்தான். மறுபடி உரசிற்று. மூன்றாவது தடவை ட்ரம் சாய்ந்து மண் கொட்டிற்று.

டிரைவர் தலையை நீட்டி, “ஒரு அரையடி இருந்தா போயிடுவேன் சார்” என்றான்.

“ட்ரம்ம உள்ள தள்ளிக்கலாமே!” என்றார் டாக்டரம்மா.

“தள்ளினா நடைபாதை நாலரை அடி ஆயிடும் மேடம். உங்க அளவுதான், நீங்களே எழுதிக் குடுத்தது. அஞ்சுன்னு போட்டிருக்கீங்க. அஞ்சுல அரை போனா நாலரை.” இன்ஜினியர் ஃபைலைத் திறந்து காட்டினார். அவருக்கே வருத்தமாகத்தான் இருந்தது.

லாரி இஞ்சின் உறுமிக்கொண்டு நின்றது. டாக்டரம்மா பேசினார், இன்ஜினியர் பேசினார், மைத்துனன் வந்து பேசினான், பின்னால் நின்ற நாலு வண்டிக்காரர்கள் ஹாரனால் பேசினார்கள். எண்ணும் மேசையில் டெய்லரக்கா பென்சிலைக் கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். முகம் வெளுத்திருந்தது. “நான்தானே அண்ணே அளந்தேன். ஒரு அரையடி கூட வந்திருக்கக் கூடாதா இந்தப் பாழாப்போன தெரு” என்றாள்.

அப்போது ஜன்னலில் ஏர்ஹாரன் கையை ஆட்டுவதைப் பார்த்தேன். வாய் திறந்து மூடியது. ஏதோ கத்துகிறார். அந்த இரைச்சலில் ஒன்றும் கேட்கவில்லை. ஏர்ஹாரனை ஹாரன்கள் அமுக்கிவிட்டன.

“பாத்ரூமுக்குக் கூப்பிடுறாரோ?” என்று அவள் எழுந்தாள். அதற்குள் ஜன்னலில் ஆள் இல்லை. வாசல் கதவு திறந்தது.

முதலில் வாக்கரின் முன்கால் தெரிந்தது. அதைத் தூக்கி இரண்டாவது படியில் வைத்தார். பிறகு நல்ல கால். பிறகு மற்றது. நான் ஓடப் போனேன். டெய்லரக்கா என் சட்டையைப் பிடித்து இழுத்தாள்.

“போகாதீங்க அண்ணே. நாம போனா உள்ள திரும்பிடுவாரு.”

“விழுந்துட்டா?”

“விழ மாட்டாரு.” அதைச் சொல்லும்போது அவள் என் சட்டையை விடவில்லை. பித்தான் ஒன்று தெறித்தது. தைத்துக் கொடுத்ததும் அவள்தான், பிய்த்ததும் அவள்தான்.

இரண்டாவது படி. மூன்றாவது படி. பிறகு தரை. புதுச் செருப்பு போடவில்லை, வெறுங்கால். சுவரோரமாக இருபது எட்டு வைத்து வந்து இன்ஜினியருக்குப் பின்னால் நின்றார். மூச்சு வாங்கியது. அப்புறம் தொண்டையைத் திறந்தார்.

“சார்! டேப் இருக்கா?”

தெருவே திரும்பிப் பார்த்தது. வண்டிக்காரர்கள் ஹாரனை நிறுத்தினார்கள்.

“இங்க அளங்க சார். சொவத்துலேர்ந்து கோடு வரைக்கும். காயிதத்த விடுங்க, தரைய அளங்க.”

“எதுக்குங்க? அஞ்சடின்னு...”

“அஞ்சடி இல்ல சார். அஞ்சடி ஏழரை அங்குலம். என் பொண்டாட்டி டெய்லரு. துணியில ஒரு கோடு தையலுக்கு, ஒண்ணரை அங்குலம் தள்ளி இன்னொரு கோடு வெட்டுறதுக்கு. நடுவுல இருக்கிறது உள்ள விடுற துணி, ஆளு பெருத்தா பிரிச்சு விட்டுக்கிறதுக்கு. அந்தக் கை சும்மா இருக்குமா? ரோட்டுலயும் ரெண்டு கோடு போட்டா. அந்தா நிக்கிறாரே போஸ்ட்டு, அவரு ரெண்டாவது கோட்டுலேர்ந்து அடுத்த டேப்ப வச்சாரு. ஒவ்வொரு தடவையும் ஒண்ணரை அங்குலம் கணக்குல வராம போச்சு. அஞ்சு தடவை. அஞ்சு ஒண்ணரை என்ன?”

“ஏழரை” என்றார் இன்ஜினியர், பள்ளிக்கூடத்துப் பையன் மாதிரி.

இரும்பு டேப்பை விரித்து அளந்தார். குனிந்தவர் நிமிரவில்லை. மறுபடி அளந்தார். “அஞ்சடி ஏழரை. துல்லியமா இருக்கு” என்றார்.

“ஏழரையால ஒருத்தருக்கு நல்லது நடந்து இன்னைக்குத்தான் பாக்கிறேன்” என்றான் மைத்துனன். அந்த லாரி டிரைவர்கூட ஸ்டீயரிங்கில் தலையை வைத்துச் சிரித்தான். எனக்கு மட்டும் சிரிப்பு வரவில்லை. இரண்டாவது கோட்டில் நான் விரல் வைத்த ஐந்து தடவையும் கண்முன்னால் வந்தது. டெய்லரக்கா என்னைப் பார்த்தாள், நான் அவளைப் பார்த்தேன். அப்புறம் எனக்கும் வந்துவிட்டது.

டாக்டரம்மாவால் பொறுக்க முடியவில்லை. “அன்னைக்கே பாத்தீங்களா? பாத்துட்டு ஆறு வாரம் வாயத் திறக்காம இருந்தீங்களா?”

“என்னக் கேட்டா அளந்தாங்க? வீம்புதான் டாக்டரம்மா. தோக்கட்டும்னுதான் இருந்தேன். அப்புறம் தினம் அந்த ஜன்னல்லேர்ந்து ஆளுங்க போறதப் பாத்தேன். குழந்தைங்க, வயித்துப் பிள்ளக்காரிங்க. எடுத்துட்டா அவங்கல்லாம் எங்க போவாங்க?” என்றவர் சட்டென்று எரிச்சலானார். “பேசிட்டே நிக்கிறீங்களே, ட்ரம்ம ஏழு அங்குலம் உள்ள தள்ளுங்கய்யா!”

வளைவில் இருந்த ஆறு ட்ரம்மையும் தள்ளினோம். மைத்துனன் நாலு தள்ளினான். லாரியை முன்னால் விடச் சொல்லிவிட்டு ஏர்ஹாரன் ட்ரம்மைப் பிடித்துக்கொண்டு நின்றார். இனி அவர் தொழில்.

“வா... வா... ஒடி, லெஃப்ட்ல ஒடி, இன்னும் ஒடி. கண்ணாடியப் பாக்காத, என்னையப் பாரு. வரட்டும், வரட்டும். நேராக்கு!”

ஒரு ட்ரம்மிலிருந்து அடுத்த ட்ரம்முக்குக் கையை மாற்றி மாற்றி லாரியோடு கூடவே போனார். வால் அந்தப் பக்கம் இடிக்கிறதா என்று பார்க்க, லாரிக்குப் பின்னால் ரோட்டைக் கடந்தார். ஒன்றையும் பிடிக்காமல் பன்னிரண்டு அடி. வாக்கர் இன்ஜினியருக்குப் பக்கத்தில் அநாதையாக நின்றது. மைத்துனன் அதைத் தூக்கிக்கொண்டு ஓரடி பின்னாலேயே போனான், வாயைத் திறக்காமல், கையை நீட்டாமல்.

“ரைட்! போ!” லாரியின் பின்பக்கத்தில் ஒரு தட்டு தட்டினார். லாரி ஒன்றையும் தொடாமல் திரும்பிப் போயிற்று. இன்ஜினியர் ட்ரம் மேல் ஃபைலை வைத்துக் கையெழுத்துப் போட்டார். டாக்டரம்மா அழுதார். அப்போதும் பேசிக்கொண்டேதான் அழுதார்.

சத்தம் அடங்கியபிறகுதான் ஏர்ஹாரன் தான் எங்கே நிற்கிறோம் என்று பார்த்தார். கண்ணாடிக்கடை வாசல். அவர் விழுந்த இடம். காலைப் பார்த்தார், ரோட்டைப் பார்த்தார். மைத்துனன் வாக்கரை மெதுவாக அவர் முன்னால் வைத்தான். கடைக்குள் எல்லாக் கண்ணாடியும் திருப்பி வைத்திருந்தது, ஒன்றில்கூட அவர் தெரியவில்லை.

“ஏன் மாப்ள, இப்படி வச்சிருந்தா எவன் வாங்குவான்? திருப்பி வைடா” என்றார்.

பிறகு ரோட்டுக்கு இந்தப் பக்கம் பார்த்து, “ஏய்! என்னையும் எண்ணியாச்சா?” என்று கேட்டார்.

டெய்லரக்கா பென்சிலைத் தூக்கிக் காட்டினாள். “ஆச்சு! போனதுக்கு ஒண்ணு!”

“சரி, எழுதிக்க. டீ குடிச்சிட்டு வரேன்.”

வாக்கரைத் தள்ளிக்கொண்டு டீக்கடைப் பக்கம் நடக்க ஆரம்பித்தார். பத்து மாதத்துக்கு முன்னால் ஒரு செவ்வாய்க்கிழமை கிளம்பிய நடை. பின்னால் ஒரு சைக்கிள் மணி அடித்தது. நின்றார். சைக்கிள்காரர் தன் பாதையில் போனார், இவர் தன் பாதையில் மறுபடி நடந்தார்.

டெய்லரக்கா எண்ணும் தாளை இழுத்து வைத்துக்கொண்டாள். நடக்கிறவர் கட்டத்தில் ஒரு கோடு போட்டாள். அவள் கையில் கோணலாக வந்த கோடு எனக்குத் தெரிந்து அது ஒன்றுதான். கண்ணைத் துடைத்துவிட்டு, பக்கத்திலேயே இன்னொரு கோடு போட்டாள்.

“இது யாருக்கு அக்கா? அவர் இன்னும் திரும்பி வரலையே” என்றேன்.

“வந்துடுவாரு அண்ணே. இப்பவே விட்டு வச்சிருக்கேன்” என்றாள்.